எழுபது மைலும் பதினான்கு நிமிஷமும்

காரைக்காலுக்கு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. புது இடத்தில் விமான நிலையம் அமைக்க மத்திய சர்க்கார் கொள்கை அளவில் ஒப்புதல் தந்த ஊர்களின் ஜாபிதாவில் காரைக்காலின் பெயர் 2010-களின் தொடக்கத்திலேயே ஏறிவிட்டது. பார்லிமெண்டில் கேள்வி வரும்போதெல்லாம் அந்த ஜாபிதா வாசிக்கப்படுகிறது. அதில் இருந்த கண்ணூரில் 2018-லும், கோவா மோப்பாவில் 2023 ஜனவரியிலும் விமானங்கள் இறங்கத் தொடங்கின. சிவமொக்கா நிலையம் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. காரைக்காலில் மட்டும் பெயர் இருக்கிறது, நிலையம் இல்லை.

இதைச் சொல்லி வருத்தப்படுவது சுலபம். “எங்களை யாரும் கவனிப்பதில்லை” என்று காரைக்கால் ஜனங்கள் சொன்னால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் வருத்தத்துக்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. விமானம் வந்தால் எந்த ஊர் கிட்டே வரும், எந்த ஊர் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு.

ஒரு வட்டம், மூன்று ஊர்கள்

தேசப்படத்தை விரித்து, காரைக்காலில் காம்பஸின் முனையை ஊன்றி, சுமார் 130 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வடக்கே புதுச்சேரி விமான நிலையம் அந்த வட்டத்துக்குள் இருக்கும். நேர்கோட்டில் சுமார் 115 கிலோமீட்டர், அதாவது எழுபது மைலுக்குச் சற்று அதிகம். மேற்கே திருச்சி விமான நிலையம். சுமார் 125 கிலோமீட்டர். தென்கிழக்கே கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம். சுமார் 128 கிலோமீட்டர்.

மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரம். ஒன்று நம் தலைநகரம். ஒன்று பக்கத்து மாநிலத்தின் பெரிய நகரம். ஒன்று அயல்நாடு. காக்கைக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். மனிதனுக்கு மூன்றும் மூன்று விதம். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் விமான நிலையப் பிரச்னையில் பாதி விளங்கிவிடும்.

முதலில் புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். காரைக்கால் மக்களுக்கு அது வெறும் வெளியூர் அல்ல, தலைநகரம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான மாற்றம் பூர்த்தியாயிற்று. 1963 ஜூலை 1 முதல் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் என்ற நான்கு துண்டுகளும் சேர்ந்து ஒரே யூனியன் பிரதேசம். மக்கள் தேர்ந்தெடுக்கும் முப்பது சட்டசபைத் தொகுதிகளில் ஐந்து காரைக்காலில் இருக்கின்றன. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இரண்டு லட்சம் பேர். இவர்களுடைய பதவி உயர்வுக் காகிதமும், மேல்முறையீட்டு மனுவும், பெரிய சிகிச்சையும் கடைசியில் புதுச்சேரியில் போய் நிற்கின்றன.

சாலை வழியே அங்கே போக வேண்டுமானால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டின் இரண்டு ஜில்லாக்களைக் கடந்து சுமார் 135 கிலோமீட்டர் போக வேண்டும். கொள்ளிடம், வெள்ளாறு, கெடிலம், தென்பெண்ணை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பஸ்ஸில் மூன்றரை மணி நேரத்தை எதிர்பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். தன் சொந்த சர்க்காரைப் பார்க்க அடுத்த மாநிலத்தின் வழியே போய்த் திரும்பும் ஒருவருக்கு “விமானம் வந்தால் எவ்வளவு சௌகரியம்!” என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

பதினான்கு நிமிஷம் எங்கே போகிறது?

சிறிய ஓடுபாதைகளில் இறங்கக்கூடிய, சுழல்விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம்தான் இன்று நம் நாட்டின் சிறு நிலையங்களுக்குக் கைகொடுப்பது. எழுபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். நிமிஷத்துக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கணக்கில் 115 கிலோமீட்டருக்குப் பதினான்கு நிமிஷம் போதும்.

ஆனால் காகிதத்தில் போட்ட இந்தப் பதினான்கு நிமிஷம் ஆகாயத்தில் கிடைக்காது. ஓடுபாதையை விட்டு எழும் விமானம் அந்த வேகத்தை உடனே எட்டுவதில்லை. உயரம் பிடிக்கச் சில நிமிஷம் ஆகும். உயரம் பிடித்ததும், இந்தத் தூரத்துக்கு, இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பிறகு காற்றின் திசை பார்த்து, ஓடுபாதைக்கு நேராக வந்து, வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். ஆகவே வானத்தில் மட்டும் இருபத்தைந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். தரையில் ஊர்ந்து போவதற்கும் வருவதற்கும் இன்னும் பத்து நிமிஷம் சேர்க்க வேண்டும்.

பிரயாணி செலவிடும் நேரம் அத்துடன் முடியவில்லை. வீட்டிலிருந்து நிலையத்துக்கு அரைமணி. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவாவது போய்ச் சேர வேண்டும். பெட்டியைக் கொடுக்கும் ஜன்னல் அதற்குப் பிறகு திறந்திருப்பது சந்தேகம். இறங்கிய பின் பெட்டியை வாங்க இருபது நிமிஷம். லாஸ்பேட்டையிலிருந்து ஊருக்குள் வர இன்னொரு இருபது நிமிஷம். எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. பஸ்ஸுக்கு மூன்றரை மணி. மிச்சம் முக்கால் மணி நேரம். அதுவும் விமானம் சரியான நேரத்தில் கிளம்பினால்!

பஸ் பல தடவை போகிறது. தவறவிட்டால் அடுத்தது வரும். விமானம் நாளைக்கு ஒரு தடவை வந்தாலே பாக்கியம். காலை பதினொரு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவருக்கு மத்தியானம் இரண்டு மணி விமானத்தால் என்ன லாபம்? முக்கால் மணி மிச்சத்துக்காக ஒரு நாள் தங்க வேண்டியிருந்தால் அது மிச்சமாகுமா?

செலவும் இப்படித்தான். விமானம் எண்ணெயை அதிகமாகக் குடிப்பது மேலே ஏறும்போது. சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தேய்மானம் எழும்பும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம். நூறு கிலோமீட்டர் பறந்தாலும் ஐந்நூறு கிலோமீட்டர் பறந்தாலும் ஒரு ஏற்றம், ஓர் இறக்கம் உண்டு. குறுகிய தூரத்தில் இந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளக் கிலோமீட்டர் போதாது. 2016-ல் மத்திய சர்க்கார் “உடான்” திட்டத்தை அறிவித்தபோது, மானியம் பெறும் விமானப் பாதை சாதாரணமாக 200 முதல் 800 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்ததன் காரணம் இதுதான். மலைப் பிரதேசங்களுக்கும் தீவுகளுக்கும் அந்தக் கீழ் எல்லை இல்லை. சமவெளியில் சாலை இருக்கும் இடத்தில் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் பறப்பதற்குப் பொதுப் பணம் கொடுப்பதில்லை என்பது நியாயமான யோசனையே.

கடல் குறுக்கிட்டால் கணக்கு மாறும்

இப்போது அதே வட்டத்தில் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். தூரம் புதுச்சேரியைவிடப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் நடுவில் சாலை இல்லை, கடல். இங்கே அந்த இருபத்தைந்து முப்பது நிமிஷப் பறத்தல் எதோடு போட்டி போடுகிறது? பக்கத்து நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பலோடு. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி தொடங்கிய அந்தக் கப்பல் சுமார் நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் சீறினால் கப்பல் நின்றுவிடும். கப்பல் இல்லையென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் பிடிக்க வேண்டும்.

இந்தக் கடலைத் தாண்டிப் பறப்பதும் புதிதல்ல. 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோன் கம்பெனி தன் முதல் விமானத்தை விட்டதே கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். யுத்த காலத்தில் நின்றுபோன அந்தத் தொடர்பு 2019 நவம்பரில் சென்னை–பலாலி விமானத்தோடு திரும்பி வந்தது. தொற்றுநோய்க் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் 30-ல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் கிளம்பியது. நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்கூட இல்லாத பாதை அது.

உலகத்திலேயே மிகக் குறுகிய விமானப் பாதை ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. பறக்கும் நேரம் இரண்டு நிமிஷத்துக்குள். பைத்தியக்காரத்தனம் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் நடுவில் குளிர்ந்த கடல். அந்தப் பக்கம் ஆசிரியரும் வைத்தியரும் போய்ச் சேர வேண்டிய சிறு கிராமங்கள். அங்கே இரண்டு நிமிஷத்துக்கு அர்த்தம் உண்டு.

காரைக்காலை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்ஸ் தேசம் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று 2021-ல் சட்டம் செய்து, 2023 மே மாதத்தில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பாரிஸ் ஓர்லியிலிருந்து லியோனுக்கும் நாந்துக்கும் போர்தோவுக்கும் போன விமானங்கள் இந்தச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் அவர்கள் முதலில் ரயிலைப் போட்டார்கள். பிறகுதான் விமானத்தை நிறுத்தினார்கள். நமக்கு இரண்டும் சரியாக இல்லாத நிலைமை.

பக்கத்து வீட்டுப் பாடம்

காரைக்காலில் நிலையம் கட்டினால் விமானம் தானே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் புதுச்சேரியையே பார்க்கலாம். அங்கே ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். பெரிய ஜெட் விமானத்துக்கு அது போதாது. நீட்டலாம் என்றால் பக்கத்து நிலம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. புதிய கட்டடத்துடன் 2013-ல் விமானம் வந்தது, நின்றது. 2015-ல் வந்தது, நின்றது. 2017-ல் உடான் திட்டத்தில் ஹைதராபாத்துக்கு வந்தது. தொற்றுநோய்க் காலத்தில் நின்றது. 2022 மார்ச்சில் வந்தது, 2024-ல் நின்றது. 2024 டிசம்பர் 20-ல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி தொடங்கியது. சேலத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான்: 2018 மார்ச்சில் சென்னைக்குத் தொடங்கிய விமானம் 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில்தான் திரும்பி வந்தது.

இதற்குக் காரணம் ஜனங்கள் வராததல்ல. விமானத்தில் கூட்டம் இருந்த நாளிலும் சேவை நின்றதுண்டு. சிறு நிலையங்களுக்கு ஏற்ற விமானங்கள் நம் நாட்டில் சொற்பம். அவற்றை வைத்திருக்கும் கம்பெனிகளும் சொற்பம். உடான் மானியம் மூன்று வருஷத்துக்கு. கம்பெனி ஒன்று நொடித்தால், அல்லது மானியம் முடிந்தால், அந்த விமானம் வேறு ஊருக்குப் போய்விடும். ஓடுபாதை மட்டும் அப்படியே கிடக்கும். அதை நெல் வயலாகத் திருப்ப முடியாது.

நெல் வயல் என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. காரைக்கால் ஜில்லாவின் மொத்த விஸ்தீரணமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். காவிரியின் கடைமடை. அரசலாறும் நாட்டாறும் கடலைச் சேரும் இடம். தண்ணீர் கடைசியில் வந்து, வெள்ளம் முதலில் நிற்கும் பூமி. இங்கே நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சமப்படுத்தி மேடாக்கினால் பக்கத்து வயலின் வடிகால் எங்கே போகும் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். 2004 சுனாமியையும், 2018 நவம்பரில் கஜா புயலையும் பார்த்த கரை இது. அம்மாதிரி சமயங்களில் நிவாரணச் சாமான் கொண்டுவர ஓடுபாதை உதவும் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தண்ணீர் தேங்கும் ஓடுபாதையில் எந்த விமானமும் இறங்காது.

அப்படியானால் விமான நிலையமே வேண்டாமா?

அப்படி நாம் சொல்லவில்லை. எந்த ஊருக்குப் பறக்க வேண்டும் என்று தெரியாமல் ஓடுபாதை போட வேண்டாம் என்றே சொல்கிறோம். புதுச்சேரியைக் காட்டி விமான நிலையம் கேட்டால் வாதம் நிற்காது. பெங்களூர் நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். ஹைதராபாத் சுமார் 715 கிலோமீட்டர். அங்கே விமானம் அரை நாளையும் ஒரு நாளையும் மிச்சப்படுத்தும். யாழ்ப்பாணத்துக்கும் அப்படியே. திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று மூன்று மதத்தாரின் பெரிய தலங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஷீரடியில் 2017 அக்டோபரில் திறந்த நிலையத்தைப் பக்தர்களே நிரப்புகிறார்கள். ஆனால் சனிப்பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. விமானம் தினமும் நிரம்ப வேண்டியது. ஆகவே சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கை ஜனங்களுக்கு முன் வைக்க வேண்டும். நிலம் எடுப்பது அதற்குப் பிறகு.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. செய்யக்கூடிய காரியங்கள் நான்கு உண்டு.

ஒன்று, பிரயாணத்தையே குறைப்பது. காரைக்காலில் முடிவாக வேண்டிய காகிதத்தைக் காரைக்காலிலேயே முடிக்க இங்குள்ள அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுக்கலாம். போகாமல் இருப்பதைவிட வேகமான வாகனம் கிடையாது. இதற்கு ஓடுபாதை வேண்டாம். ஓர் உத்தரவு போதும்.

இரண்டு, ரயில். 1898-ல் பிரெஞ்சு ஆட்சியிலேயே பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்துவிட்டது. 1980-களில் அந்தப் பாதையை மூடினார்கள். 2011-ல் நாகூர் வழியாக ரயில் திரும்பியது. ஆனால் சென்னைப் பக்கம் போகத் தெற்கே போய்ச் சுற்ற வேண்டியிருந்தது. இப்போது 23 கிலோமீட்டர் பேரளம் பாதை அகலப் பாதையாக மறுபடி போடப்பட்டிருக்கிறது. காலையில் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் போய் மாலையில் திரும்பும் ரயில்கள் அதில் ஓட வேண்டும். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலையும் எல்லாப் பகுதிகளிலும் பூர்த்தியாக வேண்டும். சாலையில் ஒரு மணி நேரம் குறைந்தால் மேலே போட்ட விமானக் கணக்கில் மிச்சமே இல்லை.

மூன்று, திருச்சி. 2024 ஜனவரி 2-ல் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் காரைக்கால் பிரயாணிகளுக்கு இன்று அதுதான் விமான நிலையம். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும் அந்த விமானங்களின் நேரத்தைப் பார்த்து, நிலைய வாசல் வரைக்கும் நேர் பஸ் விட்டால், வாடகைக் காருக்குக் கொட்டும் பணம் குடும்பங்களுக்கு மிஞ்சும்.

நான்கு, நோயாளி. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் பறப்பதில் முழு அர்த்தம் உள்ளவர் ஒருவர் உண்டென்றால் அவர்தான். ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி 2016 முதல் காரைக்காலில் நடக்கிறது. எனினும் தலையில் அடிபட்டவரையும் மாரடைப்புக்காரரையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வடக்கே ஓடுவது நிற்கவில்லை. அவருக்குப் பெட்டி கொடுக்கும் ஜன்னல் இல்லை. ஒரு மணி நேரக் காத்திருப்பும் இல்லை. ஹெலிகாப்டரில் அந்த 115 கிலோமீட்டர் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். ரிஷிகேசத்து எய்ம்ஸ் ஆஸ்பத்திரி 2024 அக்டோபரில் இத்தகைய ஹெலிகாப்டரைத் தொடங்கியிருக்கிறது. அதற்கு வேண்டியது ஓடுபாதை அல்ல; ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நீர் தேங்காத ஒரு சதுர மேடை.

அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வசதியாக விமானம் வருவதற்கு முன், ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஆகாயம் திறக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு, பிறகு பெங்களூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுபாதை கேட்டால், காரைக்காலின் கோரிக்கையை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.